மதாமின் கடைசிக் கச்சேரிகள்

போன மாதம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கல்யாண மண்டபத்தில், வெளிநாட்டு வேலைக்குப் போகப்போகிற பெண்களுக்கு வழிகாட்டுகிறோம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். என்னையும் மேடையேற்றி, பொன்னாடை என்ற பெயரில் ஒரு கொசுவலைத் துணியைப் போர்த்தி, ‘அயல்நாட்டில் சாதித்த எஸ்தர் அம்மா’ என்று அறிவித்தார்கள். சாதித்தது என்னவென்று அவர்களுக்கும் தெரியாது, அந்த நேரம் எனக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை. பேசச் சொன்னார்கள். ‘போனவுடனே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள்’ என்று நான் ஆரம்பித்ததும், பக்கத்தில் நின்ற தம்பி குனிந்து, “அம்மா, கொஞ்சம் பாசிடிவா பேசுங்க” என்றார். பாசிடிவாக ஒன்றும் தோன்றாததால் நன்றி, வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

சாம்பார் சாதம் சாப்பிடும்போதுதான் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். மானாம்பதிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்.

“ஆன்ட்டி, நீங்க அங்க வூட்டு வேலையா பண்ணிக்கினு இருந்தீங்க?”

“இல்லம்மா. ஒரு பாட்டுக்கார அம்மாவுக்கு டிரெஸ் போட்டு வுட்டுக்கினு இருந்தேன். கடைசியில அவங்களுக்கு வாயாவும் இருந்தேன்.”

“வாயாவா? அது இன்னா வேல?”

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவசரத்தில் அங்கே விட்டுப்போனதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் மேடை ஏறியவர்களில்லை. நைனாவும் அம்மாவும் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போனவர்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் தாம்பரத்துப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைத்தேன். காலர் மட்டும்தான். சட்டையின் மீதிப் பாகம் எப்படி இருக்கும் என்பது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அப்புறம் கல்யாணம். வீட்டுக்காரர் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். அவர் முதுகு போனபோது எங்கள் மகள் ரூபிக்கு மூன்று வயது. குழந்தையை என் தங்கச்சி லில்லியிடம் விட்டுவிட்டு, ஏஜென்ட் காட்டிய விமானத்தில் ஏறிக் குவைத்துக்குப் போனேன்.

குவைத்தில் நான் இருந்த வீட்டுக்கு ஒரு நாள் லெபனான் நாட்டுப் பாடகி ஒருவர் விருந்துக்கு வந்தார். சாப்பிட உட்காரும்போது அவர் கவுனின் கொக்கி அறுந்துவிட்டது. நான் உள்ளே கூட்டிப்போய் ஊசி நூல் போட்டுச் சரி செய்தேன். கிளம்பும்போது அந்த வீட்டம்மா அவருக்கு ஒரு சாக்லேட் டப்பா கொடுத்தார். அவர் டப்பாவோடு என்னையும் கேட்டு வாங்கிக்கொண்டு பெய்ரூட்டுக்குப் போய்விட்டார். அந்த ஊரில் முதலாளியம்மாவை மதாம் என்பார்கள். இருபது வருஷம் அவர் எனக்கு மதாம். நான் அவருக்கு ‘இஸ்தேர்’.

மதாமின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவர் நாட்டுக்காரர்கள் எழுந்து நிற்பார்கள், நம் ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மலைமேல் ஒரு கிராமத்தில் ஒலிவ எண்ணெய் ஆட்டுகிற வீட்டில் பிறந்தவர். கோயிலில் பாடிய பிள்ளையைப் பாதிரியார் ரேடியோவுக்குக் கூட்டிப்போனார். ரேடியோக்காரர் நாடக மேடைக்குக் கூட்டிப்போனார். நாடகக்காரர் வேறெங்கும் கூட்டிப்போக மனமில்லாமல் தானே கட்டிக்கொண்டார். அங்கே பாட்டு நாடகம் என்றால் பழைய கல் தூண்கள் நிற்கிற இடிபாடுகளுக்கு நடுவே நடக்கும். ஜனம் கோடை முழுவதும் வரும். கதை ஒன்றே ஒன்றுதான். தோளில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு கிராமத்துப் பெண், ஊரை அடிமையாக்க வருகிற ஒரு பாஷா, அதாவது துருக்கிக்கால அதிகாரி. பெண் பாடுவாள், பாஷா திருந்திவிடுவான். வெளியே நிஜப் பாஷாக்கள் பீரங்கி வைத்து அடித்துக்கொண்டிருந்த வருஷங்களிலும் அந்த நாடகம் நடந்ததாம். அவர்களில் யாராவது டிக்கெட் வாங்கிப் பார்த்துத் திருந்தினார்களா என்று நான் கேட்டதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மதாமுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. மேடையில் வயது பதினாறு. நடுவில் இருக்கிற வித்தியாசத்தை இழுத்துக் கட்டுவதுதான் என் உத்தியோகம். நம் ஊர் சினிமாக் கதாநாயகர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது பெரிய அதிர்ச்சியாக இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குரல் பொய் சொல்லவில்லை. முதல் தடவை மேடை ஓரத்தில் நின்று கேட்டபோது ஒரு வார்த்தை புரியாமல் எனக்கு அழுகை வந்தது. வீட்டு ஞாபகம் என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டு ஞாபகமும்தான்.

வேலையைச் சொல்கிறேன். மேடைக் கவுனுக்கு ஜிப் வைக்கக் கூடாது. மூச்சை இழுத்துப் பாடுகிறவர் முதுகில் அது எப்போது பிளக்கும் என்று அதற்கே தெரியாது. ஆகவே மதாமை உடைக்குள் நிற்க வைத்து, முதுகை இடுப்பிலிருந்து கழுத்துவரை ஊசியால் தைத்து மூட வேண்டும். கச்சேரி முடிந்ததும் தையலைப் பிரித்து அவரை வெளியே எடுக்க வேண்டும். இறுக்கித் தைத்தால் மேல் ஸ்தாயியில் மூச்சு முட்டும், தளர்த்தினால் வயது தெரியும். அதனால் தைக்கும்போது அன்றைக்குப் பாடப்போகிற பாட்டுகளை ஒவ்வொன்றாக மதாம் மெதுவாகப் பாடுவார். எந்த அடியில் விலா எவ்வளவு விரிகிறது என்று பார்த்துப் பார்த்து நூலில் இளக்கம் விட வேண்டும். எனக்கு முன் அந்த வேலையில் இருந்த ஆர்மீனியக்காரி ஒரு கோடை முழுக்க என் விரலில் ஸ்கேலால் அடித்து இதைச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு கனடாவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மற்றதெல்லாம் சில்லறை. கல் மேடை வழுக்கும், செருப்பின் அடியைக் கத்தியால் கீறிச் சொரசொரப்பாக்கி வைக்கணும். பட்டின் மேல் சென்ட் படக்கூடாது. கண்மை போட்ட பிறகு யாரும் அவரிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது. சோம்பு போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் நாக்கைச் சுடாத சூட்டில் கையெட்டும் தூரத்தில் இருக்கணும், ஆனால் கண்ணில் படக்கூடாது. மேடையிலிருந்து இறங்கியதும் “எப்படி இருந்தது?” என்று கேட்பார். உடனே ‘ரொம்ப நல்லா இருந்தது’ என்றால், “பொய் சொல்கிறாய்” என்பார். ஒரு நொடி தாமதித்தால், “எதற்கு யோசிக்கிறாய்?” என்பார். நடுவில் இருந்த அரை நொடியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது.

இனி கடைசிக் கச்சேரிகளுக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கோயில் சுவரில், ஒரு தடவை பதவியில் இருந்தவன் சில வருஷம் சும்மா வீட்டில் கிடக்கணும் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரை மதாமுக்குக் காட்டியிருக்கணும். அவர் முதல் தடவை ‘இத்தோடு விடைபெறுகிறேன்’ என்று அறிவித்தது தொண்டை சரியில்லை என்று. நாடே அழுதது. அடுத்த வருஷம் தொண்டை சரியாகிவிட்டது. இரண்டாவது தடவை, வீட்டுக்காரர் இறந்த துக்கத்தில். துக்கமும் சரியாகிவிட்டது. மூன்றாவது, போட்டிப் பாடகி ஒருவர் விடைபெறப்போவதாகக் கேள்விப்பட்டு முந்திக்கொண்டது. அதற்கப்புறம் காரணம் கேட்கிற வழக்கத்தை ஜனங்கள் விட்டுவிட்டார்கள். டிக்கெட் மட்டும் வாங்கினார்கள்.

எனக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை. ஏனென்றால், “கடைசிக் கச்சேரி முடியட்டும், நீ ஊருக்குப் போ” என்பதுதான் மதாம் எனக்குக் கொடுத்த வாக்கு. என் பாஸ்போர்ட், கணக்கு வழக்கு பார்க்கிற அவர் மகன் ரோனியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. அந்த ஊர் வழக்கம் அது. தொண்டைக்காக விடைபெற்ற வருஷம் ரூபி பெரிய மனுஷி ஆனாள். மஞ்சள் தண்ணி ஊற்ற நான் போகவில்லை, லில்லி ஊற்றினாள். துக்கத்துக்காக விடைபெற்ற வருஷம் என் மாமியார் இறந்தார். இடையில் நான் ஊருக்கு வந்ததே இரண்டு முறை. இரண்டாம் முறை பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது ரூபி என்னைப் பார்த்து, “வாங்க” என்றாள். பெற்ற மகள் மரியாதையாகக் கூப்பிட்டது அப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

மதாமுக்கு எழுபது நெருங்கும்போது மறதி வந்தது. முதலில் மூக்குக் கண்ணாடி, அப்புறம் சமையல்காரர் பெயர், அப்புறம் பாட்டு. ஒரு கச்சேரியில் இரண்டாம் சரணத்தில் நின்றுவிட்டார். வாத்தியக்காரர்கள் அதே இசையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மதாம் மெல்லத் திரும்பி மேடை ஓரத்தைப் பார்த்தார். நான் அங்கே நின்று பழக்கதோஷத்தில் கூடவே வாயசைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் முதுகுப் பக்கம் நின்று தைத்துக்கொண்டே கேட்டவளுக்கு ஒரு பாட்டாவது தவறுமா? என் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். விலா விரிகிற இடம் உட்பட எல்லாம் என்னிடம் இருந்தது. அவர்கள் மொழியின் எழுத்து மட்டும்தான் எனக்குத் தெரியாது.

ரோனி கெட்டிக்காரர். மறு கச்சேரிக்கு மதாமின் காதுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்து, முடியால் மறைத்து, எனக்கு ஓரத்தில் ஒரு மைக் கொடுத்துவிட்டார். நான் ஒவ்வோர் அடியும் தொடங்கும் முன் முணுமுணுப்பேன், மதாம் பாடுவார். இதுதான் நான் வாயாக இருந்த கதை. ரோனிக்கு அதில் பெரிய நிம்மதி. தாய்க்கு மருத்துவம் பார்ப்பதைவிட மைக் வாங்குவது எளிது இல்லையா?

இதில் ஒரே ஒரு சிக்கல். காதில் விழுவது எல்லாவற்றையும் மதாம் சொல்லிவிடுவார். எது பாட்டு, எது பேச்சு என்று பிரிக்கிற வேலையைத் தலை விட்டுவிட்டது. “பின்னால் தையல் விட்டிருக்கிறது, திரும்பாதீர்கள்” என்று நான் எச்சரித்ததை அப்படியே ஜனங்களிடம் அறிவித்தார். வேடிக்கை என்று நினைத்துக் கை தட்டினார்கள். இன்னொரு நாள் எனக்குச் சளி. ஒரு காதல் பாட்டின் நடுவே தும்மிவிட்டு, அம்மா பழக்கிவிட்டபடி “ஏசப்பா” என்றேன். மதாம் அதை ராகத்தோடு இழுத்து, “ஏசப்பா…” என்று பாடினார். நான் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன். மறுநாள் ஒரு பத்திரிகையில், மலைநாட்டில் வழக்கொழிந்துபோன பழைய சிரியாக் மொழிச் சொல் ஒன்றை மதாம் மீட்டெடுத்திருக்கிறார் என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். உத்திரமேரூர்ச் சேரிக்கு அந்தப் பெருமையில் பங்கு கொடுக்க யாரும் வரவில்லை.

அப்படிப்பட்ட நாளில்தான் ரூபியிடமிருந்து போன் வந்தது.

“யம்மா, கண்ணாலம் முடிவாய்ட்ச்சி. சர்ச்ல மொத கண்ணால ஓல பட்ச்சிட்டாங்க.”

“நான் வந்துர்றேன்டி. இங்க இன்னும் ஒரே ஒரு கச்சேரி கீது. அதான் கடைசி.”

“உங்க மதாம் கடைசி கச்சேரி முட்ச்ச அப்புறம் நான் கண்ணாலம் கட்டணும்னா, எனக்கே பென்ஷன் வந்துடும்.”

“சத்தியமா வர்றேன்.”

“சத்தியம்லாம் வோணாம். சின்னம்மா கீது. உன் எடத்துல அது நிக்கும். வயசுக்கு வந்தப்பவும் அதுதானே நின்னுச்சி? நீ பேஜார் பண்ணிக்காத.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பேஜார் பண்ணிக்காதே என்றாள். சின்னம்மா என் இடத்தில் நின்றுவிட்டால் அந்த இடம் அப்புறம் எனக்கு இல்லை என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தக் கல்யாணத்துக்கு நான் போகாவிட்டால் அப்புறம் போகவே வேண்டியதில்லை.

ரோனியிடம் போய்க் கேட்டேன். கச்சேரிக்கு மறுநாள் சாயங்காலம் விமானம், சனிக்கிழமை கல்யாணம் என்று பேசி, அவரே டிக்கெட் எடுத்தார். பாஸ்போர்ட்டை, “கடைசி நாள் தருகிறேன்” என்றார். மதாமிடமும் சொன்னேன். உடை அளவு பார்க்கும்போது, “மகளுக்குக் கல்யாணம், மதாம்” என்றேன். கன்னத்தில் முத்தம் கொடுத்து, “மப்ரூக்” என்று வாழ்த்தினார். மறுநாள் மறந்துவிட்டார். மறுபடி சொன்னேன், மறுபடி மப்ரூக், மறுபடி முத்தம். ஒரே கல்யாணத்துக்கு அத்தனை வாழ்த்து வாங்கிய தாய் இந்தத் தாலுகாவிலேயே நான்தான்.

கச்சேரி அதே கல் தூண் இடிபாடுகளில். கரண்ட் நம் ஊரைவிட மோசமாகப் போய் வருகிற நாடு என்பதால் பின்னால் ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. மதாமைத் தைத்து மேடைக்கு அனுப்பினேன். அவர் காதில் நான், கையில் மைக், தலையில் பூ. நன்றாகத்தான் போனது. இடைவேளையில் ரோனி நல்ல சட்டை போட்டுக்கொண்டு சிரித்தபடி என்னிடம் வந்தார்.

“இஸ்தேர், உன் டிக்கெட்டை மாற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை துபாயில் ஒரு ஹோட்டலில் அம்மா பாடுகிறார். அங்கே அவர் இன்னும் விடைபெறவில்லை அல்லவா?”

“சனிக்கிழமை என் மகளுக்குக் கல்யாணம்.”

“தெரியும். அடுத்த மாதம் போய்ப் பார். கல்யாணத்துக்கு அப்புறமும் அவள் உன் மகள்தானே?”

“பாஸ்போர்ட்?”

“துபாய் போக அது வேண்டும். என்னிடமே இருக்கட்டும்.”

என் தோளில் தட்டிவிட்டு முன் வரிசைக்குப் போய் மந்திரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். இருபது வருஷம் அடக்கி வைத்த கோபத்துக்குக் கையில் ஒரு மைக் இருக்கிறது என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் தோன்றியது.

கடைசிப் பாட்டுக்கு முன் மதாம் ஜனங்களிடம் நாலு வார்த்தை பேசுவது வழக்கம். பேச வேண்டியதை ரோனி எனக்குப் பல தடவை சொல்லி மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். வாத்தியங்கள் அடங்கின. நான் ஆரம்பித்தேன். மந்திரிக்கு நன்றி. மதாம் மந்திரிக்கு நன்றி சொன்னார். பணம் போட்ட பேங்குக்கு நன்றி. சொன்னார். ஒளி, ஒலி, போலீஸ், எல்லோருக்கும் நன்றி. எல்லாம் சொன்னார். அப்புறம் ரோனி கொடுத்தது தீர்ந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை.

“இஸ்தேர் நாளைக்குத் தன் ஊருக்குப் போகிறாள்” என்றேன் மைக்கில்.

“இஸ்தேர் நாளைக்குத் தன் ஊருக்குப் போகிறாள்” என்றார் மதாம், அந்தக் குரலில்.

“அவள் மகளுக்குச் சனிக்கிழமை கல்யாணம்.”

“அவள் மகளுக்குச் சனிக்கிழமை கல்யாணம்.”

“என் மகன் அவள் பாஸ்போர்ட்டை நாளைக் காலையில் அவள் கையில் கொடுப்பான்.”

மதாம் அதையும் சொன்னார். டி.வி. கேமரா முன் வரிசைக்குத் திரும்பி ரோனி முகத்தில் நின்றது. ஜனம் எழுந்து கை தட்டியது. மந்திரி ரோனியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரோனி சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை வலிக்காமல் சிரிக்க முடியாது.

எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டேன். இனி வாத்தியம் ஆரம்பிக்கணும். ஆனால் மதாம் கையைத் தூக்கி வாத்தியக்காரர்களை நிறுத்தினார். ஓரத்தில் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஜனங்களிடம் பேசினார். சத்தியமாக, இதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

“என் பாட்டெல்லாம் அவளிடம்தான் இருக்கிறது. அவள் போய்விட்டால் எனக்கு எதுவும் வராது. அதனால் இதுதான் என் கடைசிக் கச்சேரி.”

ஜனம் வாய்விட்டுச் சிரித்தது. எத்தனை தடவை கேட்டுவிட்டார்கள். விசில் அடித்தார்கள், “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று யாரோ கத்தினார்கள். அத்தனை பேரில் சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் ரோனி.

கல்யாணம் என்ன ஆயிற்று என்று அந்த மானாம்பதிப் பெண் இங்கேயே குறுக்கிட்டுக் கேட்டாள், அதைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை வீட்டு வாசலில் நாலு டி.வி.க்காரர்கள் நின்றார்கள். ரோனி என் பாஸ்போர்ட்டையும், பழையபடி மாற்றிய டிக்கெட்டையும் அவர்கள் முன்னால் இரண்டு கையாலும் கொடுத்தார், படம் எடுத்துக்கொண்டார். வேலைக்காரர்களைக் குடும்பமாக நடத்துகிறவர் என்று அவருக்கு நல்ல பெயர். வெள்ளிக்கிழமை உத்திரமேரூர் வந்து சேர்ந்தேன். ரூபி வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னா, கச்சேரி முட்ஞ்சிதா?”

“முட்ஞ்சிட்ச்சி.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான். மறுநாள் சர்ச்சில் பெண்ணுக்குத் தாய் நிற்கிற இடத்தில் நானும் நின்றேன், லில்லியும் நின்றாள். அவளை நகரச் சொல்ல எனக்கு என்ன உரிமை? போட்டோக்காரர்தான், “யாருங்க பொண்ணுக்கு அம்மா?” என்று குழம்பினார். “ரெண்டு பேரையும் எடுப்பா” என்றாள் ரூபி.

இப்போது அந்தக் கடைசிப் பாட்டு. மதாம் முடியை ஒதுக்கிக் காதிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். வாத்தியம் ஆரம்பித்தது. பல்லவி பாடினார், முதல் சரணம் பாடினார். என் கையில் மைக் இருந்தது, நான் அடியடியாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், கேட்கத்தான் அந்தப் பக்கம் காது இல்லை. இரண்டாம் சரணத்தில் நின்றுவிட்டார். நான் அந்த அடியைச் சொன்னேன். திரும்பவும் சொன்னேன். மதாம் சிரித்த முகமாக நின்றார். ஜனங்கள் தங்களைப் பாடச் சொல்கிறார் என்று நினைத்து மொத்தமாகப் பாட ஆரம்பித்தார்கள். கடைசிவரை அவர்களே பாடி முடித்தார்கள். மதாம் குனிந்து வணங்கினார்.

உள்ளே கூட்டி வந்து நிற்க வைத்து, முதுகுப் பக்கம் நின்று கழுத்திலிருந்து தையலைப் பிரிக்கத் தொடங்கினேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அதற்குச் சந்தோஷப்படத் தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். மதாம் திரும்பாமலே கேட்டார்.

“அந்த இந்தியப் பெண் போய்விட்டாளா?”

யாரைக் கேட்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது.

“எந்தப் பெண், மதாம்?”

“இஸ்தேர். அவள் மகளுக்குக் கல்யாணம். உனக்குத் தெரியாதா?”

“தெரியும். போய்விட்டாள், மதாம்.”

“நல்லது” என்றார். தையல் பாதி பிரிந்திருந்தது. “ரோனி கூப்பிடுவான். கூப்பிட்டாலும் திரும்பி வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடு.”

“சொல்கிறேன், மதாம்” என்றேன்.

ரோனி அதன் பிறகு பல முறை கூப்பிட்டார். நான் போகவில்லை.